டிரேட்மார்க் எண்ணிக்கையில் இரு நாடுகளை ஒப்பிடுமுன்

ஒரு சோப்புக் கம்பெனி புதுப் பெயர் ஒன்றுக்கு டிரேட்மார்க் கேட்கிறது. டிரேட்மார்க் பதிவில் பொருள்களும் சேவைகளும் எண் போட்ட வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: சோப்புக்கு 3-ஆம் வகுப்பு, கிருமிநாசினிக்கு 5, சில்லறை விற்பனைக்கு 35. பல வகுப்புகளை ஒரே மனுவில் கேட்க விடும் நாட்டில் இது ஒரு விண்ணப்பம். வகுப்புக்கு ஒன்று என்று வைத்திருக்கும் நாட்டில் மூன்று. பெயரும் ஒன்றுதான், கம்பெனியும் ஒன்றுதான். கணக்கில் மட்டும் மூன்று மடங்கு.

பலரும் சறுக்குவது இங்கேதான். இந்த வகுப்புகளைத் தரும் சர்வதேசப் பட்டியலான நீஸ் வகைப்பாட்டில் 45 வகுப்புகள்: பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11. இதனால்தான் உலக அறிவுசார் சொத்து அமைப்பு நாடுகளை ஒப்பிடும்போது விண்ணப்பங்களை விட்டுவிட்டு, அவற்றில் கேட்கப்பட்ட வகுப்புகளைக் கூட்டுகிறது. நீங்களும் அதையே எடுங்கள். ஒரு நாட்டின் பழைய கணக்கைப் புதிய கணக்கோடு வைக்கும்போதும் இதே கவனம் தேவை. பல வகுப்பு விண்ணப்பம் ஜப்பானில் 1997-லும், இந்தியாவில் 2003-லும், சீனாவில் 2014-லும்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் 'ஒரு விண்ணப்பம்' என்பதன் பொருள் ஒன்றல்ல.

அடுத்தது, யார் உள்நாட்டவர்? புள்ளிவிவரம் பார்ப்பது விண்ணப்பத்தில் முதலில் வரும் பெயரின் முகவரியை. வெளிநாட்டுக் கம்பெனியின் உள்ளூர்க் கிளை நிறுவனம் தன் பெயரில் கொடுத்தால் அதுவும் உள்நாட்டு விண்ணப்பம்தான். மொத்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு 'அந்நாட்டுத் தொழில்முனைவோரின் உற்சாகம்' என்று எழுதுவதும் தவறு. ஒரே மனுவில் பல நாடுகளில் பாதுகாப்புக் கேட்க விடும் மாட்ரிட் ஒப்பந்த வழியாக வெளியிலிருந்து வருபவையும் அதில் கலந்திருக்கும்.

ஐரோப்பாவைத் தொட்டால் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மானியக் கம்பெனி மியூனிக்கில் உள்ள தேசிய அலுவலகத்தை விட்டுவிட்டு, ஸ்பெயினின் அலிகாண்டேயில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகத்தில் ஒரே விண்ணப்பத்தில் 27 நாடுகளுக்கும் பாதுகாப்புக் கேட்கலாம். மியூனிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மனி பின்தங்கிவிட்டது என்று சொல்வது அந்த நாட்டுக்கு அநியாயம். நெதர்லாந்துக்கோ தனி டிரேட்மார்க் அலுவலகமே கிடையாது. பெல்ஜியம், லக்ஸம்பர்க்கோடு சேர்த்துப் பெனெலக்ஸ் அலுவலகம் ஒன்றுதான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது சட்டத்தின் போக்கு. சீனாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. 2017-இல் விண்ணப்பக் கட்டணம் 600 யுவானிலிருந்து 300 ஆகக் குறைந்தது. பயன்படுத்தும் எண்ணமே இல்லாமல் பெயர்களைப் பிடித்து வைப்பவர்கள் பெருகியதால், அப்படிப்பட்ட தீய நோக்க விண்ணப்பங்களை நிராகரிக்க 2019-இல் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. அமெரிக்காவிலோ உள்நாட்டு விண்ணப்பதாரர் அந்தப் பெயரைச் சந்தையில் பயன்படுத்துவதாகக் காட்டினால்தான் பதிவு கிடைக்கும். இந்த இரண்டு நாடுகளின் விண்ணப்ப எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே புது பிராண்டுகள் அதிகம் பிறக்கின்றன என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பதிவான எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

மக்கள்தொகைக்கு வகுத்தால் ஒரு வரிசை வரும், பொருளாதார அளவுக்கு வகுத்தால் வேறு வரிசை. எதற்கு வகுத்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஆண்டு. இந்திய அலுவலகத்தின் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்க அலுவலகத்தின் ஆண்டு அக்டோபர் முதல் செப்டம்பர் வரை. 2020 செப்டம்பரில் முடியும் அமெரிக்காவின் 2020-ஐயும் இந்தியாவின் 2020-21-ஐயும் ஒரே வரிசையில் எழுதினால், இரண்டுக்கும் பொதுவாக வருவது 2020 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதங்கள் மட்டுமே. மாதவாரிக் கணக்குக் கிடைத்தால் அதை எடுத்து, ஒரே பன்னிரண்டு மாதங்களாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.