பின்னாலேயே வரும் சீலா: டைவர்கள் செய்யும் தவறுகள்

மீன் சந்தையில் முழ நீளச் சீலாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தமான் கடலில் 12 மீட்டர் ஆழத்தில் பார்த்தது அதே சாதி மீன் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது. என் இடுப்பைத் தாண்டும் நீளம். அடிவயிற்றுப் பக்கம் மை தெளித்த மாதிரி கருப்புப் புள்ளிகள். கீழ்த்தாடை துருத்த, வாயை மெல்லத் திறந்து திறந்து மூடிக்கொண்டு என் பின்னாலேயே வந்தது. ஆங்கிலத்தில் கிரேட் பராகுடா என்பார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரும்.

பின்னால் வந்தாலே துரத்துகிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. சீலாவுக்கு வேடிக்கை பார்க்கும் புத்தி அதிகம். வாயசைப்பதும் மிரட்டல் அல்ல. செவுளுக்குத் தண்ணீர் போக வேண்டுமே! பயந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால்தான் ஆபத்து. நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து கிழித்துவிடும். மூச்சை விட்டபடி, அதன் பக்கம் திரும்பி நின்றாலே போதும். கொஞ்ச நேரத்தில் அதற்கே அலுத்துவிடும்.

அப்புறம், நகை. சீலா கண்ணை நம்பி வேட்டையாடும் மீன். அசையாமல் நின்று, வெள்ளியாய் ஒன்று மினுங்கியதும் அம்பு மாதிரி பாயும். கலங்கிய தண்ணீரில் மோதிரமா, சாளை மீனா என்று அதற்குத் தெரியாது. அரிதாக நடக்கும் கடிகளில் பல இப்படி ஆள் மாறிக் கடித்தவைதான். மோதிரம், கொலுசை அறையிலேயே வைத்துவிடுங்கள். தாலிச் செயினைக் கழற்றமாட்டேன் என்பவர்கள் அதை வெட்சூட் என்கிற டைவிங் உடைக்குள் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ளலாம்.

ஈட்டியால் குத்திய மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்துவது, கையால் தீனி கொடுப்பது இரண்டும் வம்பை விலைக்கு வாங்குவதுதான். தீனிக்குப் பழகிய மீன் அடுத்து வருபவரின் வெறுங்கையையும் தேடி வரும். ஃப்ளோரிடாவில் டைவர்கள் மீனுக்குத் தீனி போடுவதையே 2002 முதல் தடை செய்துவிட்டார்கள்.

கூட்டமாகச் சுற்றும் சீலாக்கள் வேறு இனம். மலேசியாவின் சிபடான் தீவில் 'பராகுடா பாயின்ட்' என்ற இடமே இதற்குப் பேர் போனது. படம் எடுக்கும் ஆசையில் சுற்றும் கூட்டத்தின் நடுவே புகுந்தால் அது கலைந்துவிடும். ஓரமாக நின்றால் அதுவே உங்களைச் சுற்றும்.

என்னைக் கேட்டால் பெரிய தவறு நடப்பது தண்ணீரில் அல்ல, கரையேறிய பின் சாப்பாட்டு மேசையில். பவளப்பாறைப் பாசிகளில் ஒட்டி வாழும் நுண்ணுயிர் ஒன்றின் நஞ்சு, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போய்க் கிரேட் பராகுடா போன்றவற்றின் உடலில் சேர்ந்துவிடும். சிகுவாடெரா என்பார்கள். வாடை இருக்காது, ருசி மாறாது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. வாந்தி, பேதி, உதட்டில் ஊசி குத்தும் உணர்வு. சிலருக்கு ஐஸ் தண்ணீரைத் தொட்டால் சுடும். பாறைப் பக்கம் பிடித்த பெரிய சீலாவை எவ்வளவு மசாலா தடவி வறுத்துக் கொடுத்தாலும் நான் தொடுவதில்லை.