கடலோர ஊரில் ஹைபிரிட் டீ ரோஜா: செடியைக் கொல்லும் தவறுகள்

புதுச்சேரியில் ரோஜா வளர்த்து மனம் நொந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். நர்சரியில் உள்ளங்கை அகலத்துக்குப் பூ இருந்தது, வீட்டுக்கு வந்து இரண்டு பூ பூத்தது, அப்புறம் இலை மஞ்சளாகிக் கொட்டியது, கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கியது, சித்திரை வெயிலுக்குள் செடி போய்விட்டது. "இந்த ஊர் உப்புக் காற்றுக்கு ரோஜா வராது" என்று முடிவு கட்டிவிட்டு அந்தத் தொட்டியில் செம்பருத்தி வைத்துவிடுகிறார்கள். செம்பருத்தி நல்ல செடிதான், ஆனால் ரோஜாவும் இங்கே வரும், கடலூர் தேவனாம்பட்டினம் வரைக்கும் வரும். ஓசூருக்கும் ஊட்டிக்கும் வடநாட்டுக்கும் பொருந்துகிற பராமரிப்பை மாதம்கூட மாற்றாமல் இங்கே கொண்டுவந்து செய்வதில்தான் எல்லாம் கெடுகிறது.

நீளத் தண்டில் பெரிய ஒற்றைப் பூ விடுகிற ஹைபிரிட் டீ வகையின் முதல் ரோஜா என்று சொல்லப்படும் லா பிரான்ஸ் 1867-ல் பிரான்சில் உருவானது. அந்த ஊர்க் குளிரில் செடி இலையை உதிர்த்துத் தூங்கி, குளிர் விட்டதும் எழும். நம் ஊரில் அது தூங்குவதே இல்லை, வருஷம் முழுக்கத் துளிர்க்கிறது, அதனால் நாமும் வருஷம் முழுக்கப் பூ கேட்கிறோம். உண்மையில் இங்கே அதற்கு நல்ல காலம் தை, மாசி, பங்குனியில் பாதி. சித்திரை, வைகாசி, ஆனி மூன்றும் அது ஓய்ந்திருக்க வேண்டிய மாதங்கள். இதை ஒத்துக்கொண்டாலே பாதித் தவறு குறைந்துவிடும்.

அதிகச் செடி சாவது கவாத்தில், அதாவது கிளையை வெட்டிவிடுவதில்தான். டெல்லிப் பக்கம் அக்டோபரில் வெட்டுவார்கள், அவர்களுக்கு மழை முடிந்து குளிர் தொடங்குகிற நேரம் அது, சரியாக இருக்கும். நமக்கு அக்டோபர் என்றால் வடகிழக்குப் பருவமழை. புதுச்சேரி, கடலூர் இரண்டிலும் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் பெய்ததே, அதற்கு முந்தைய வாரம் கவாத்து செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெட்டுவாய் காயவே காயாது, பூஞ்சை உள்ளே இறங்கி நுனிக்கருகல் தொடங்கும், கிளை கறுத்துக்கொண்டே அடிவரை போகும். மழை ஓய்ந்து காலையில் பனி விழத் தொடங்கிய பிறகு, மார்கழி நடுவிலோ கடைசியிலோ வெட்டுங்கள். வெட்டிய 45 முதல் 50 நாளில் பூ வரும், அதாவது புதுச்சேரியில் மலர்க் கண்காட்சி நடக்கிற பிப்ரவரி வாக்கில் உங்கள் வீட்டிலும் கண்காட்சிதான்.

எவ்வளவு வெட்டுவது என்பதிலும் தப்பு நடக்கிறது. குளிர் நாட்டு வீடியோவைப் பார்த்து அடியில் ஒரு சாண் விட்டு மொட்டையடித்துவிடுகிறார்கள். சூடான ஊரில் செடிக்கு இலைதான் குடை. இலை இல்லாத தண்டில் வெயில் நேராக அடித்தால் பட்டை வெந்துவிடும். காய்ந்த கிளை, குச்சி மாதிரி மெலிந்த கிளை, உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடு ஒன்று உரசுகிற கிளை இவற்றை முழுசாக எடுத்துவிட்டு, மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி, அதற்கு மேல் வேண்டாம். வெளிப்பக்கம் பார்த்த துளிர்மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, வெட்டிய இடத்தில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைத் தடுப்புப் பசை) தடவிவிடுங்கள். ஆடிக் கடைசியில் லேசாக நுனி மட்டும் கழித்துவிட்டால் பெருமழைக்கு முன்னால் இன்னொரு சுற்றுப் பூ கிடைக்கும், அது போதும்.

அடுத்தது வாங்கி வந்த அன்று செய்கிற தவறு. நம் ஊர் நர்சரிகளுக்கு வரும் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியத்திலிருந்து வருபவை, வேரைச் சுற்றிக் கெட்டியான களிமண் உருண்டை இருக்கும். லாரியில் வரும்போது வேர் கலையாமலிருக்க அது தேவை, ஆனால் அதை அப்படியே தொட்டியில் இறக்கினால் சுற்றியுள்ள மண் நனையும், உருண்டை உள்ளே காய்ந்து கிடக்கும். மழைக்காலத்தில் நேர்மாறாக உருண்டை மட்டும் ஊறிப்போய் வேர் அழுகும். முதலில் ஒரு வாரம் நிழலில் வையுங்கள், இடம் பழகட்டும். பிறகு உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறாமல் வெளிக் களிமண்ணைக் கரைத்துவிட்டு நடுங்கள். ஒட்டுப் பகுதி, அதாவது வேர்ச்செடியோடு ரோஜா ரகத்தை ஒட்டிய இடம், மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், நம் மழைக்கு அதைப் புதைத்தால் அழுகல்தான். புதுத் துளிர் வந்து இலை விரியும்வரை எந்த உரமும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கடலோரத்தில் அதுதான் முதலில் பேச வேண்டியது. ரோஜா உப்பைத் தாங்காத செடி. கடல் பக்கத்துத் தெருக்களில் போர் தண்ணீர் வருஷா வருஷம் உப்பேறிக்கொண்டே போகிறது, அதை ஊற்றினால் இலை ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகும், தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டும். இது தெரியாமல் உரம் போதவில்லை என்று இன்னும் உரம் போடுகிறார்கள், உரமும் உப்புதானே, செடி இன்னும் வேகமாகப் போகும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறோம் என்பார்கள், நல்ல எண்ணம்தான், ஆனால் மொத்த உப்பும் அதில்தான் இருக்கிறது, ரோஜாவுக்கு மட்டும் வேண்டாம். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள், ஏசியிலிருந்து சொட்டுவதும் நல்லது. வேறு வழியே இல்லை என்றால், வாரத்துக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரை அடியில் ஒழுகும்வரை ஊற்றி உப்பைக் கழுவி இறக்குங்கள். கழுவாத தேங்காய் நார்க்கழிவிலும் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிய பிறகே கலவையில் சேருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று முட்டை ஓடு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். மண் காரமாகும்போது இப்படி ஆகும், ரோஜாவுக்கு மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 6-லிருந்து 6.5 வரை இருப்பது நல்லது. நம் போர் தண்ணீர் பல இடங்களில் ஏற்கெனவே காரம், அதில் முட்டை ஓட்டுத் தூளையும் சாம்பலையும் கொட்டினால் நிலைமை மோசமாகும். மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் அதிகம் சேர்த்து, அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளித்துப் பாருங்கள், புது இலை பச்சையாக வரும். கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் நல்ல உரம்தான், நன்றாகப் புளித்த பிறகு பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்.

வெயில் விஷயத்தில் "ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயில்" என்பதைப் பிடித்துக்கொண்டு மே மாத மொட்டைமாடியில் நட்டநடுவில் வைத்துவிடுகிறார்கள். அந்த ஆறு மணி நேரம் காலை வெயிலாக இருக்கட்டும். கத்திரியில் பகல் பதினொன்றுக்கு மேல் ஐம்பது சதவீத நிழல்வலை வேண்டும், தொட்டியைத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேலோ ஸ்டாண்டிலோ தூக்கி வைக்க வேண்டும், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைவிட வில்லியனூர் மண்தொட்டி வேருக்குக் குளுமை. பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறைந்த தொட்டியை யோசிக்கவே வேண்டாம். அந்த மாதங்களில் பூ சின்னதாகி, நிறம் வெளுத்து, இரண்டே நாளில் கொட்டும். அதைப் பார்த்துப் பயந்து உரத்தைக் கூட்டாதீர்கள், மொட்டைக் கிள்ளிவிடுங்கள், இலையை மட்டும் காப்பாற்றுங்கள்.

வெயில் காலத்தில் இலை தூசி படிந்த மாதிரி வெளிறினால் தண்ணீர்க் குறை என்று நினைக்க வேண்டாம், ஒரு வெள்ளைத்தாளில் இலையைத் தட்டிப் பாருங்கள், புள்ளி புள்ளியாக நகர்ந்தால் செம்பேன். அது பூச்சியே இல்லை, சிலந்தி இனம், கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு பூச்சிமருந்தை அடித்தால் அதைத் தின்கிற நல்ல உயிரிகள் செத்து அது இன்னும் பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதே பாதி வைத்தியம். அதையே மாலையில் செய்யாதீர்கள், இராத்திரி முழுக்க இலை நனைந்திருந்தால் கரும்புள்ளி நோய்க்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும். வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்ததும் அடித்தால் பொழுது சாயுமுன் உலர்ந்துவிடும்.

ரகம் பார்க்காமல் வாங்குவதும் உண்டு. பூங்கொத்தில் வருகிற நீளத்தண்டு ரோஜாக்கள் பசுமைக்குடிலுக்காக உருவானவை, திறந்த மாடியில் திணறும். கிளாடியேட்டர் போன்ற பழைய சிவப்பு ரகங்கள் நம் சமவெளியில் நன்றாகவே நிற்கின்றன.

கடைசியாக, "பெங்களூர் ரோஜா வாங்கினேன், பன்னீர் ரோஜா பூக்கிறது" என்ற புகார். நர்சரிக்காரர் ஏமாற்றவில்லை. ஒட்டுக்குக் கீழே இருக்கும் வேர்ச்செடி தன் கிளையை விட்டிருக்கிறது, அது வேகமாக வளர்ந்து மேல் ஒட்டைப் பட்டினி போட்டுவிடும். அந்தக் கிளையைக் கத்தரியால் வெட்டினால் மறுபடி இரண்டாக வரும், மண்ணை விலக்கி அது கிளம்பும் இடத்திலிருந்து பிய்த்து எடுங்கள். மேல் ஒட்டு ஏற்கெனவே முழுசாகக் கருகிவிட்டது, அடியிலிருந்து வந்திருப்பது பன்னீர் ரோஜா என்று பலரும் சொல்கிற எட்வர்டு ரோஜா என்றால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். அது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் பிறந்த ரகம், வெப்பத்துக்கு அஞ்சாது, மணமும் உண்டு, அதற்கு ஒரு பெரிய தொட்டி கொடுத்து வளரவிடுங்கள்.