பழைய கேம் பெட்டியைத் தேய்ப்பதற்கு முன்

கடைகளில் காசு போட்டு ஆடுகிற பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று கைக்கு வந்தால் முதல் நாள் எமரி பேப்பரைத் தொடாதீர்கள். நான் தொட்டேன். புனலூரில் ஒரு சேட்டன் வளைகுடாவிலிருந்து திரும்பும்போது வீட்டுச் சாமானோடு கண்டெய்னரில் ஏற்றி வந்த பெட்டி அது. முழுக்கக் கறுப்பு எனாமல். இரண்டு பக்கமும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஸ்டிக்கர், பாதி கிழிந்தது. சும்மா தேய்த்துப் புதுக் கறுப்பு அடித்துக் கொடுத்தால் போதும் என்றார். இடது பக்கம் கீழே சாண்டரை வைத்தேன். கறுப்புக்குக் கீழே மஞ்சள் வந்தது. பிரைமர் போல என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிந்த பிறகுதான், அதன் ஓரத்தில் பாதிப் பாதம் ஒன்று மிச்சம் இருப்பதைப் பார்த்தேன். அது பேக்மேன் பெட்டி. ஜப்பானில் நாம்கோ 1980-ல் செய்த ஆட்டத்தை அமெரிக்காவில் மிட்வே விற்ற மஞ்சள் பெட்டி. திரையில் வாய் மட்டும் உள்ள வட்டமாக ஓடுகிற பேக்மேனுக்கு, பெட்டியின் பக்கவாட்டில் கை, கால், கண் எல்லாம் வைத்து வரைந்திருப்பார்கள். அந்தக் காலில் ஒன்றைத்தான் நான் தேய்த்துத் தின்றுவிட்டேன்.

நான் செங்கோட்டைக்காரன். போர்டு எழுதுகிற தொழில். இந்தப் பக்கம் தமிழ், புளியரை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் மலையாளம், இரண்டும் எழுதுவேன். ஃப்ளெக்ஸ் வந்து தொழில் படுத்த பிறகு, குற்றாலம் சீசனுக்காக யாரோ போட்டுவைத்த கேம் கடைப் பெட்டிகளைப் பழுது பார்க்கப் போய், அப்படியே இதில் மாட்டிக்கொண்டேன். ஆகவே சர்க்யூட்டைவிடப் பெயின்டையும் பலகையையும் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தெரியும்.

முதலில் பெட்டியின் உருவத்தைப் பாருங்கள், படத்தை அல்ல. படத்தை ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம். உருவத்தை மாற்ற ஆசாரி வேண்டும்; கடைக்காரர் எவரும் அதற்குச் செலவு செய்ய மாட்டார். ஒரே ஆட்டத்துக்கே பல உருவம் உண்டு. பேக்மேனுக்கு நின்று ஆடுகிற ஆளுயரப் பெட்டி, அதையே சுருக்கியது போன்ற கேபரே, எதிரெதிரே உட்கார்ந்து ஆடுகிற காக்டெயில் மேசை என்று மூன்று. காக்டெயிலில் இரண்டாவது ஆள் முறை வரும்போது திரையில் படம் தலைகீழாகத் திரும்பும். சேகாவின் அவுட் ரன், 1986, நான்கு விதமாக வந்தது. அதில் பெரியது ஆளோடு சேர்ந்து ஆடுகிற கார். கேப்காமின் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர், 1987, இரண்டு விதம்: ஒன்றில் ஆறு பட்டன், இன்னொன்றில் கையால் ஓங்கிக் குத்துகிற ரப்பர் திண்டு. எவ்வளவு பலமாகக் குத்துகிறோமோ அவ்வளவு பலமான அடி. அது தெரியாமல் திண்டு வைத்த பேனலில் ஆறு ஓட்டை போட்டு "சரிசெய்து" வைத்தால் போச்சு.

கேபரே பெட்டியைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. மிட்வேயும் அட்டாரியும் அதற்குப் பக்கத்தில் மரரேகை ஒட்டிச் சாதாரணமாக விட்டுவிடும். ஐயோ, படத்தை யாரோ உரித்துவிட்டார்கள் என்று பதறி, பெரிய பெட்டியின் ஓவியத்தைச் சுருக்கிப் பிரின்ட் எடுத்து ஒட்டுவார்கள். அங்கே படமே கிடையாது. மரமே இல்லாத பெட்டியும் உண்டு. 1971-ல் வந்த கம்ப்யூட்டர் ஸ்பேஸ் முழுக்க ஃபைபர் கிளாஸ், வளைந்து நெளிந்து பிள்ளையார் மாதிரி இருக்கும். வில்லியம்ஸின் பபிள்ஸ் ஆட்டத்தை ஒரு கட்டத்தில் டூராமோல்டு என்ற பிளாஸ்டிக் உருளையில் போட்டு விற்றார்கள். அவற்றில் எனாமல் அடிக்கிற யோசனையே வேண்டாம்.

உருவத்தைப் பதிவு செய்ய எளிய வழி பிரவுன் பேப்பர். பெட்டியைப் படுக்கப் போட்டு, பக்கப் பலகை மேல் தாளை விரித்து, ஓரம் முழுக்கப் பென்சில் ஓட்டுங்கள். நெற்றி எவ்வளவு முன்னால் துருத்துகிறது, கன்ட்ரோல் பேனல் எந்தச் சரிவில் இருக்கிறது, அடியில் கால்விரலுக்கு இடம் விட்டு உள்வாங்கியிருக்கிறதா என்று எல்லாம் அதில் வந்துவிடும். பலகை கனத்தையும் அளந்து எழுதுங்கள். அமெரிக்கப் பெட்டிகளில் பெரும்பாலும் முக்கால் அங்குலம், நம் ஆசாரி கணக்கில் ஆறு நூல். ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டி ஓடும், அதை டி-மோல்டிங் என்பார்கள். அதன் முள் பலகை விளிம்பில் ஒரு காடியில் இறங்கியிருக்கும். காடி இருந்து பட்டி இல்லையென்றால் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். காடியே இல்லாமல் ஓரத்தில் அலுமினியம் ஆங்கிள் அடித்திருந்தால், அது பெரும்பாலும் நம்மூரில் செய்த பெட்டி.

அடுத்து, பெட்டி எத்தனை முறை வேஷம் மாற்றியது என்று பார்க்க வேண்டும். இது கம்பெனியிலேயே நடந்திருக்கலாம். நின்டெண்டோ 1980-ல் ரேடார் ஸ்கோப் என்ற ஆட்டத்தை அமெரிக்காவுக்கு 3000 பெட்டி அனுப்ப, 2000 பெட்டி விலைபோகாமல் கிடந்தது. அந்தப் பெட்டிகளில்தான் 1981-ல் டாங்கி காங்கை ஏற்றினார்கள். அதனால் முதலில் வந்த டாங்கி காங் சிவப்பு, பிறகு புதிதாகச் செய்தது எல்லாம் நீலம். சிவப்பைப் பார்த்துவிட்டு யாரோ தப்பாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று நீலம் அடித்தால், அபூர்வமான ஒன்றைச் சாதாரணமாக்கிவிட்டீர்கள். 1985-ல் ஜப்பானில் ஜாமா என்று 56 முனை கொண்ட பொது இணைப்பு வந்ததும் கடைக்காரர்களுக்கு வேலை லேசாகிவிட்டது: உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகையைக் கழற்று, புதியதைச் செருகு, மேலே புதுப் படத்தை ஒட்டு. எங்கள் ஊரும் அப்படித்தான் என்று வையுங்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி, அடுத்து மெட்ராஸ். பெட்டி அதே, மேல் போர்டு மட்டும் மாறியது.

மாற்றிய தடயம் கன்ட்ரோல் பேனலில்தான் முதலில் தெரியும். பேக்மேனுக்கு நடுவில் ஒரு ஜாய்ஸ்டிக், ஆட்டம் தொடங்க இரண்டு பட்டன், அவ்வளவுதான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன். புனலூர்ப் பெட்டியில் பேனலைப் புரட்டிப் பார்த்தபோது நடு ஓட்டையை ஒரு தகரத் துண்டு வைத்து மூடியிருந்தது. உள்ளே பிக்சர் டியூப் தாங்கும் சட்டத்தில் இரண்டு ஜோடி திருகு ஓட்டைகள். பேக்மேன் திரை நின்ற வாக்கு, ஸ்ட்ரீட் ஃபைட்டர் படுத்த வாக்கு. யாரோ டியூபைத் திருப்பிப் போட்டிருக்கிறார். பத்து நிமிஷம் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும்.

டார்ச் அடிக்கும் முன் ஒரு விஷயம். பின்கதவைத் திறந்ததும் டியூபின் பின்புறத்தில் கை வைக்காதீர்கள். கலர் டியூபில் இருபதாயிரம் வோல்ட் அளவு மின்னழுத்தம் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். அதை இறக்கத் தெரிந்த டிவி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வெளிநாட்டுப் பெட்டியானால் பின்னால் உள்ள தகட்டில் வோல்ட் பாருங்கள். அமெரிக்கா 110 முதல் 120, ஜப்பான் 100, நமக்கு 230. நேரே செருகினால் புகைதான்.

சரி, இப்போது பெயின்ட். படம் எப்படி ஏறியது என்று கண்டுபிடித்தால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது தன்னால் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் நிறங்களின் எல்லையில் தடவுங்கள். சின்ன மேடு தட்டினால் ஸ்டென்சில் வைத்து அடித்தது. பேக்மேன், டிஃபெண்டர் எல்லாம் அந்த வகை. ஸ்டென்சிலில் எல்லை கத்தி மாதிரி இருக்காது. ஸ்ப்ரே லேசாகப் பொடிந்து பக்கத்து நிறத்தில் விழுந்திருக்கும், சில இடத்தில் இரண்டு நிறத்துக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். அது பிழையல்ல, அதுதான் கையெழுத்து. மேடு இல்லாமல் மூலையில் நகம் நுழைந்தால் ஸ்டிக்கர். ஸ்டிக்கரை நகைக்கடை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். நிறம் பால் ஊற்றியது போல ஒரே சீராக இருந்தால் ஸ்கிரீன் பிரின்ட், பழையதாக இருக்க வாய்ப்புண்டு. புள்ளி புள்ளியாகச் சிதறியிருந்தால் டிஜிட்டல் பிரின்ட், பின்னாளில் யாரோ அடித்து ஒட்டியது. பழையது என்று பணம் கேட்டால் உருப்பெருக்கியை விற்பவர் கையிலேயே கொடுங்கள்.

கறுப்பு அடித்த பெட்டியில் ஜன்னல் திறப்பது என்று நான் ஒரு வேலை செய்கிறேன். கண்ணுக்குப் படாத கீழ் மூலையில் இரண்டு அங்குலச் சதுரம், நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப். முதலில் சோப்புத் தண்ணீர் தொட்ட பஞ்சு, நன்றாகப் பிழிந்தது. அமுக்கிய மரத்தூள் பலகையாக இருந்தால் ஈரம் அதிகம் பட்டதும் அப்பளமாக உப்பிவிடும். அது பேசவில்லை என்றால் டர்பன்டைன். அதற்கும் அசையாவிட்டால் ஸ்பிரிட். கடைசியில்தான் தின்னர், அதுவும் பஞ்சில் நாலு சொட்டு. ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப் பஞ்சு. பஞ்சு கறுப்பாக வரும் வரை போகலாம். கறுப்போடு வேறு நிறம் ஒரு பொட்டு வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். பயன்படுத்திய பஞ்சுகளை வரிசையாகத் தாளில் ஒட்டி எண் போட்டு வையுங்கள். ஒரு சதுரத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பக்கப் பலகை முழுவதும் என்றால் வாரக்கணக்கு. அவசரக்காரர்கள் இந்தப் பொழுதுபோக்குக்கே வரக் கூடாது.

நெற்றிப் பலகை, அதாவது விளக்கு எரிகிற மார்க்கீ, வேறு கதை. கண்ணாடிக்கோ அக்ரிலிக்குக்கோ பின்பக்கம் தலைகீழாக அச்சடித்திருக்கும். முன்பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் துடையுங்கள். பின்பக்கம் ஈரத் துணி பட்டால் நிறம் செதிலாக வந்துவிடும். உதிரத் தொடங்கியிருந்தால் முதலில் படம் எடுங்கள், வெளிச்சம் முன்னால் வைத்து ஒன்று, பின்னால் வைத்து ஒன்று. போர்டு எழுதுகிறவனுக்கு இந்த வித்தியாசம் பாலபாடம். பகலில் சரியாகப் பொருந்திய சிவப்பு, பின்னால் டியூப்லைட் போட்டதும் காபிப்பொடி நிறமாகும், ஏனென்றால் நாம் அடித்தது ஒளி புகாத எனாமல். ஒளி புகும் மை வேண்டும். சந்தேகமானால் கண்ணாடித் துண்டில் ஐந்தாறு கலவை தடவி விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். விளக்கையும் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள். 1982-ல் வந்த டிரான் பெட்டிக்குள் புற ஊதா விளக்கு இருக்கும், அதற்கென்றே ஒளிரும் மையில் படம் போட்டிருப்பார்கள். சாதாரண விளக்கு போட்டால் அது செத்த மீன் போல இருக்கும்.

திரையில் இல்லாத உருவம் பெட்டியில் இருந்தால் வேறு ஆட்டத்தின் படம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மிட்வே விற்ற ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பெட்டியின் பக்கத்தில் மயிரடர்ந்த பெரிய பூதங்கள் நிற்கும். ஆட்டத்தில் வருவதோ நண்டு போன்ற சின்ன உருவங்கள். அந்தப் பெட்டிக்குள் நிலவுக் காட்சி ஒன்றை வரைந்து வைத்து, திரையைக் கண்ணாடியில் பிரதிபலித்து அதன் மேல் விழ வைத்திருப்பார்கள். வண்ணத்துக்குத் திரை மேல் கலர் செலோபேன். கிழிந்த குப்பை என்று அந்தத் தாளைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

நம்மூர்ப் பெட்டிகளுக்கு வருவோம். நாலுக்கு எட்டு பிளைவுட், மேலே சன்மைகா, உள்ளே வீட்டு டிவி. ஆட்டம் பெரும்பாலும் முஸ்தபா. கேப்காம் 1993-ல் விட்ட கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்தான் அது. அந்தப் பெயரை இங்கே யார் சொன்னார்கள்? அதில் வரும் ஒரு ஆளின் பெயரே ஆட்டத்துக்கும் ஆகிவிட்டது.

போன வருஷம் தென்காசியிலிருந்து ஒரு தம்பி அப்படி ஒரு பெட்டியை மினி ஆட்டோவில் கொண்டுவந்தான்.

"அண்ணாச்சி, இதுல பேக்மேன் ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்க. கஃபேல வைக்கணும்."

நெற்றியில் ஒட்டியிருந்த ஃப்ளெக்ஸை உரித்தேன். கீழே கையால் எழுதிய போர்டு, இரண்டு மொழியில். மலையாள எழுத்து ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. தமிழில் 'வீடியோ கேம்ஸ்' மட்டும் ஒவ்வொரு எழுத்தும் பார்த்துப் பார்த்து வரைந்தது போல, 'ம்'முக்குப் புள்ளியில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஆள் எழுதியது. தம்பியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இதையே வச்சுக்கலாமா?" என்றான். தூசி தட்டி, உதிர்ந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் தொட்டுக் கொடுத்தேன். புள்ளி வைக்கக் கை அரித்தது. வைக்கவில்லை.

இந்தப் பெட்டிகளுக்கு எமன் அடிப்பாகம். சாரல் காலத்தில் தரை காயவே காயாது, போதாததற்குத் தினமும் கடை கழுவுவார்கள். கீழ் இரண்டு அங்குலம் உப்பியிருந்தால் பட்டி பூசி மறைக்க வேண்டாம். நேர்கோட்டில் அறுத்து, அதே கனத்தில் புதுத் துண்டு ஒட்டி, ரப்பர் கால் வைத்து ஓர் அங்குலம் தூக்கிவிடுங்கள். பிளைவுட்டுக்கு எனக்குப் பெரும்பாவூர்ச் சரக்குதான் பழக்கம்.

புனலூர்ப் பெட்டி இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது. இடது பக்கம் கறுப்பு முக்கால்வாசி போய், பேக்மேன் ஒற்றைக் காலில் நிற்கிறது. வலது பக்கம் மூன்று ஜன்னல் திறந்தாகிவிட்டது. அங்கே முழுக் காலும் இருந்தால் டிரேசிங் தாளில் எடுத்து, திருப்பிப் போட்டு ஸ்டென்சில் வெட்டுவேன். இந்த ஈரத்தில் இப்போது அடித்தால் எனாமல் பத்து நாளானாலும் பிசுபிசுக்கும், தையில் செய்யலாம் என்று சேட்டனிடம் சொன்னேன். "மகரம் அல்லே?" என்று கேட்டார். அதேதான்.