இரண்டரை அடி பட்டிங்கும் நடுங்கும் கையும்: ஜமக்காளத்தில் ஒரு பயிற்சி

போன வருடம் ஒரு சின்ன கோல்ஃப் போட்டி. கடைசிக் குழியில் என் பந்துக்கும் குழிக்கும் நடுவே மிச்சமிருந்தது இரண்டரை அடி தூரம். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அந்தக் கடைசி அடியைத்தான் பட்டிங் என்பார்கள். வீட்டு மொட்டைமாடியில் அந்தத் தூரத்தைத் தூக்கக் கலக்கத்திலும் போட்டுவிடுவேன். அன்றைக்குச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பந்து குழியின் வலது விளிம்பை உரசிக்கொண்டு தாண்டிப் போய் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கோயம்புத்தூரிலிருந்து திரும்பும்போது சங்ககிரி தாண்டும்வரை காரில் நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் எட்டு மாதம் முட்டி மோதி எனக்கு நானே அமைத்துக்கொண்ட முறை இது. பட்டிங்குக்கான மட்டையான பட்டரை எப்படிப் பிடிப்பது, கால்களை எவ்வளவு அகட்டுவது என்பதெல்லாம் இங்கே கிடையாது. (பட்டர் என்றதும் வெண்ணெய் என்று நினைத்து, "அதை எதுக்குடா கார் டிக்கியில வச்சிருக்க?" என்று கேட்ட அத்தைக்கும் இந்தப் பதிவு உதவாது.) தனியாக இருக்கும்போது விழும் பந்து நாலு பேர் பார்க்கும்போது ஏன் விழுவதில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்பது மட்டும்தான். படபடப்பே வராமல் செய்ய எனக்கு வழி தெரியாது. இன்றும் எனக்குக் கை நடுங்கத்தான் செய்கிறது.

1. தரையைத் தயார் செய்யுங்கள்

இணையத்தில் விற்கும் பட்டிங் விரிப்பு ஒன்று வாங்கினேன். சுருட்டி வந்த மடிப்பு மூன்று வாரம் வெயிலில் போட்டும் போகவில்லை. கடைசியில் வீட்டில் இருந்த பவானி ஜமக்காளத்தை எடுத்து மாடியில் விரித்தேன். அதன் வண்ணக் கோடுகள் நீங்கள் அடிக்கும் திசையிலேயே ஓடும்படி விரித்தால், பந்து நேராகப் போகிறதா என்று பார்க்கத் தனியாகக் கோடு போட வேண்டியதில்லை. இதுவரை நான் பார்த்த எந்த விரிப்பையும்விட இதுவே மேல் என்பேன்.

குழிக்குப் பதில் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் செங்கல் வையுங்கள். உண்மையான குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம், பந்து 1.68 அங்குலம். டம்ளர் வாய் மூன்று அங்குலம் இருந்தாலே அதிகம். இதில் பழகிவிட்டு மைதானத்துக்குப் போனால் குழி அண்டா மாதிரி தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. 'டங்' என்ற சத்தம் காதில் விழும்வரை தலையைத் தூக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை தானாக அடங்கும்.

2. உங்களை நீங்களே படம் பிடியுங்கள்

மொபைலைப் பூந்தொட்டியில் சாய்த்து வைத்து முப்பது பந்து அடியுங்கள். பிறகு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அளந்து பாருங்கள். கால் ஊன்றி நின்றதிலிருந்து பந்தில் அடி படும்வரை எத்தனை வினாடி? எனக்கு மாடியில் நாலு வினாடி, ஏறக்குறைய எல்லாப் பந்துக்கும். அந்தக் கடைசிக் குழியை நண்பர் ஒருவர் படம் பிடித்திருந்தார். அதில் அளந்தால் பதினொன்று.

அந்த அதிகப்படி ஏழு வினாடியில் என்ன செய்துகொண்டிருந்தேன்? மணிக்கட்டு சரியா, முழங்கை உள்ளே இருக்கிறதா, கோடு வலதா இடதா, தவறவிட்டால் இவர் என்ன நினைப்பார். கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவிடம் "அடுத்த புள்ளிக்குக் கையை எப்படி வளைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள், இழை தப்பிவிடும். கைக்குப் பழகிப்போன வேலையைப் புத்தி பாதியில் வாங்கிச் செய்யப் பார்த்தால் அப்படித்தான். அமெரிக்காவில் சியான் பெய்லாக், தாமஸ் கார் இருவரும் பட்டிங்கை வைத்தே இதை ஆராய்ந்து 2001-ல் கட்டுரை எழுதினார்கள். அதில் எனக்குப் பிடித்த பகுதி இது: பழகும்போதே கேமரா முன்னால் நின்று பழகியவர்கள், பிறகு அழுத்தம் வந்தபோது சொதப்பவில்லை. அதனால் கேமராவை நேரம் அளந்து முடித்ததும் எடுத்துவிடாதீர்கள், அங்கேயே இருக்கட்டும்.

3. ஒரே வரிசை

பந்துக்குப் பின்னால் நின்று குழியைப் பாருங்கள். அங்கேயே வெறுமனே இரண்டு வீச்சு. பக்கத்தில் வந்து கால் ஊன்றுங்கள். குழியை ஒரே ஒரு முறை பாருங்கள். கண்ணைப் பந்துக்குக் கொண்டுவந்து, அதன் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் வைத்த புள்ளியில் நிறுத்தி, மனதுக்குள் "சரி" என்று சொல்லி அடியுங்கள். அந்தப் பார்வை இரண்டு வினாடி அசையாமல் நின்றால் போதும். கண் நிலைத்து நிற்பதற்கும் பந்து விழுவதற்கும் உள்ள தொடர்பை ஜோன் விக்கர்ஸ் என்ற கனடா ஆய்வாளர் 1992-லேயே எழுதியிருக்கிறார்.

பந்தைச் சுற்றிக் கோடு வரைந்து குழியோடு பொருத்திவைப்பவர்கள் உண்டு. நானும் செய்தேன். கோடு ஒரு நூல் விலகியதுபோலத் தெரிந்தாலும் சந்தேகம் வந்து பதினொன்று வினாடி திரும்ப வந்துவிடும். புள்ளிதான் என் கட்சி. தாளம் போடும் மெட்ரோனோம் செயலியெல்லாம் வேண்டாம். போட்டியில் அது கூட வராது.

4. விலகி வருவது

நான் குப்புற விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வரிசை தெரியும், நாலு வினாடியும் தெரியும். இருந்தும் அடுத்த போட்டியில் கால் ஊன்றிய பிறகு யாரோ இருமினார்கள். எண்ணம் கலைந்தது. கலைந்த இடத்திலேயே நின்று ஒட்டுப்போடப் பார்த்தேன். பந்து மறுபடி விளிம்பு.

கலைந்தால் விலகி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பந்தை விட்டு நகர்வது எவ்வளவு கூச்சமான காரியம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். பயந்துவிட்டான் என்று நினைப்பார்களோ, நேரத்தை இழுக்கிறான் என்பார்களோ என்று ஓடும். அந்தக் கூச்சத்துக்காகவே தப்பு என்று தெரிந்தும் அடித்துவிடுவோம்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1970-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓபன் கோல்ஃப் போட்டி. டக் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் கடைசிக் குழியில் இரண்டரை அடி தூரத்தைப் போட்டால் பட்டம் அவருக்கு. அடிக்க நின்றவர், பந்து போகும் வழியில் ஏதோ கிடப்பதாகத் தெரிந்து, காலை எடுக்காமல் குனிந்து அதைத் தள்ளப் பார்த்தார். நிமிர்ந்து அப்படியே அடித்தார். பந்து குழியின் வலது பக்கமாகப் போய்விட்டது. அதனால் ஜாக் நிக்லாஸோடு சமநிலை. மறுநாள் இருவரும் மறுபடி 18 குழி ஆடி முடித்தபோது நிக்லாஸ் பந்தை அடித்தது 72 முறை, சாண்டர்ஸ் 73. குறைவாக அடித்தவருக்குத்தான் பட்டம். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் "விலகி வாய்யா" என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.

ஆகவே விலகி வருவதையே தனியாகப் பழகுங்கள். பத்துப் பந்தில் நாலைந்து பந்துக்கு, ஒரு காரணமும் இல்லாவிட்டாலும், கால் ஊன்றிய பிறகு விலகி, பின்னால் போய் மறுபடி முதலிலிருந்து. மாடியில் தனியாக இதைச் செய்யும்போது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். இருக்கட்டும். எனக்கு இரண்டு வாரத்தில் கால் தானாக நகர ஆரம்பித்தது.

5. பார்க்க ஆள் வேண்டும்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் என் மாமாவுக்குச் சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. காப்பி காயவைக்கும் சிமென்ட் களம் அறுவடை முடிந்த பிறகு காலியாகக் கிடக்கும். தண்ணீர் வடிவதற்காகக் கொஞ்சம் வாட்டம் வைத்துக் கட்டியிருப்பார்கள். ஜமக்காளத்தில் பழகிய கைக்கு அங்கே பந்து வழுக்கிக்கொண்டு ஓடும், வளையவும் வளையும். ஆனால் நான் போனது வாட்டத்துக்காக இல்லை. பத்தரை மணிக்கு டீ குடிக்க உட்காரும் அக்காமார்கள்தான் எனக்கு வேண்டியிருந்தது.

"என்ன தம்பி, இந்த வயசுல கோலிக்குண்டா?" என்று முதல் நாளே ஆரம்பித்துவிட்டார்கள். சரி, சத்தம் போடுங்கள், சிரியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். பத்துக்கு ஏழு விழாவிட்டால் எல்லோருக்கும் அன்றைய பஜ்ஜி என் செலவு என்று பந்தயம். முதல் வாரம் மூன்று நாள் பஜ்ஜி வாங்கினேன். ஐம்பது ரூபாய் பந்தயம்கூட வாயை உலரவைக்கும், தொகை பெரிதாக இருக்க வேண்டியதே இல்லை. களமும் மாமாவும் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். தட்டுவடை செட் என்றால் சேலத்துப் பிள்ளைகள் எங்கிருந்தாலும் வருவார்கள்.

6. போட்டி நாள்

இங்கே சொல்ல அதிகமில்லை. கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) நடக்கும்போது மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக் காலையில் புதிதாக எதையும் திருத்தாதீர்கள். எட்டடி தூரத்தில் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே ஏறக்குறைய பாதிதான் விழுகிறது என்பதை நினைவில் வைத்தால், அது தவறியதற்காக அடுத்த குழியையும் கெடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

விலகி விலகி வந்தால் தாமதம் என்று தண்டனை தரமாட்டார்களா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். உங்கள் முறை வந்த பிறகு 40 வினாடிக்குள் அடிப்பது நல்லது என்பது விதிப்புத்தகத்தின் பரிந்துரை. மேலே சொன்ன வரிசைக்கு எனக்கு 18 வினாடி ஆகிறது. ஒருமுறை விலகினாலும் அடங்கிவிடும். இரண்டாவது முறையும் கலைந்தால் நான் அடித்துவிடுகிறேன்.

கை நடுங்கிப் பட்டர் பந்தில் பட்டு நகர்ந்துவிட்டால்? கிரீனில் தற்செயலாக நகர்ந்த பந்துக்குத் தண்டனை கிடையாது, பழைய இடத்திலேயே வைத்து ஆட வேண்டும். இது தெரிந்த பிறகு எனக்குப் பாதி நடுக்கம் குறைந்தது. முன்பே எழுதியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று.

டைல்ஸ் தரையில் ஜமக்காளம் வழுக்குகிறது என்று அஸ்தம்பட்டியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அடியில் பழைய சாக்கு ஒன்றை விரித்துப் பார்த்தேன், மேடு தட்டுகிறது. நாலு முனையிலும் அரிசிப் பை வைத்து இழுத்துவிட்டால் நிற்கிறது. ஐந்து கிலோ பை போதும்.