பட்டறைக்காரர் கல்லூரிக்குப் போனால் என்ன கேட்க வேண்டும்?

"பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து ஏதாவது செய்யலாமே" என்று பட்டறை நடத்துபவரிடம் சொல்லிப் பாருங்கள், முதலில் சிரிப்பார். பொன்னாடை, புரிந்துணர்வு ஒப்பந்தம், குரூப் போட்டோ, மறுநாள் பேப்பரில் செய்தி, அத்தோடு சரி. என்னிடமும் அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு ஒரு வருடத்தில் அந்தக் கல்லூரியிலிருந்து வந்த ஒரே போன், ஆண்டு விழாவுக்கு நன்கொடை கேட்டு வந்ததுதான்.

ஆனால் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதெல்லாம் வேலைக்கு ஆகாது என்று சொல்லவும் முடியவில்லை. பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் 1926இலேயே வந்துவிட்டது, பொறியியல் கல்லூரி அதே வளாகத்தில் 1951இல்தான் வந்தது. அதாவது பட்டறை முதலில், பாடம் அப்புறம். அங்கே செய்த மோட்டாரும் பம்பும் கடைக்கு விற்பனைக்குப் போயின, படிக்கிற பையன்கள் அதே இயந்திரங்களில் கை அழுக்காகிப் பழகினார்கள். பாடத்துக்கு நடுவே பட்டறை வேலையும் கலந்த ஐந்து வருட சாண்ட்விச் படிப்பு இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறது. மில்களுக்காக 1956இல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி மையம் தொடங்கியதும், ஊரில் பவுண்டரியும் (உருக்கிய உலோகத்தை மண் அச்சில் ஊற்றி வார்க்கும் பட்டறை) பம்பும் பெருகியதும் இந்தக் கொடுக்கல் வாங்கலோடு சேர்ந்த கதைதான்.

சரி, பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன பவுண்டரி உங்களுடையது என்றால் எங்கே தொடங்குவது?

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். "எங்கள் காஸ்டிங் தரம் கூட வேண்டும்" என்று போய் நின்றால் பேராசிரியர் தலையாட்டுவார், டீ கொடுப்பார், அனுப்பிவிடுவார். ஒரு மாதம் தினமும் எழுதுங்கள்: எந்த பேட்டர்ன் (மண்ணில் அச்சு எடுக்கும் மாதிரி), எத்தனை வார்த்தோம், எத்தனை கழிந்தது, எதனால் கழிந்தது, அன்றைக்கு மழையா வெயிலா, மண் எங்கிருந்து வந்தது. அப்புறம் "இந்த ஒரு பம்பு கேசிங்கில் மட்டும் நூற்றுக்குப் பத்து ப்ளோ ஹோலால், அதாவது உள்ளே காற்று சிக்கி விழும் ஓட்டையால் போகிறது, மழை நாளில் கூடுகிறது" என்று ஒரே வரியில் சொல்ல வரும். அந்த ஒரு வரி போதும், விஷயம் தெரிந்தவர் உடனே மண்ணின் ஈரத்தையும், காற்று வெளியேறும் தன்மையையும், கோரில் (வார்ப்புக்குள் வெற்றிடம் விட வைக்கும் மண் உரு) மண்ணை ஒட்டவைக்கப் போடும் பைண்டரையும், ஊற்றும்போது இருக்கும் சூட்டையும் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

யாரிடம் போவது என்பதும் முக்கியம். முதல்வர் அறைக்குப் போகாதீர்கள், போனால் மறுபடியும் பொன்னாடைதான். லேப் பொறுப்பில் இருக்கும் இளம் ஆசிரியரையும், பல வருடமாக அந்த மெஷினை ஓட்டும் லேப் டெக்னீஷியனையும் பிடியுங்கள். மண் சாம்பிள் நாலைக் கொடுத்து, கட்டணம் கட்டி, ரசீது வாங்கி, டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிப் போய் வந்தாலே அவர்கள் சொன்ன தேதியில் கொடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும். அவர்களுக்கும் நீங்கள் பணம் தருகிற ஆள் என்று தெரியும்.

அடுத்தது காலண்டர், பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இறுதியாண்டு புராஜெக்ட் பொதுவாக எட்டாவது செமஸ்டரில், வருடத்தின் முதல் சில மாதங்களில் நடக்கும். தலைப்பு அதற்கு முன்பே முடிவாகிவிடும் என்பதால் அக்டோபர், நவம்பரிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். பிப்ரவரியில் போனால் பையன்கள் ஏற்கெனவே எதையோ எடுத்திருப்பார்கள் (ரெடிமேடாக புராஜெக்ட் விற்கும் கடைகள் இருப்பது உங்களுக்கும் தெரியும்தானே). வாரத்தில் இரண்டு நாளாவது பட்டறையில் நிற்க வேண்டும் என்பதை முதல் நாளே கறாராகச் சொல்லி, வருகிறவரை மண் அச்சு செய்யும் உங்கள் மூத்த மோல்டரோடு சேர்த்து விடுங்கள். பஸ் காசு, சாப்பாடு, சாம்பிள் செலவு உங்களுடையது. ஓசியில் வருகிற வேலை ஓசி வேலையாகத்தான் இருக்கும்.

ஆசிரியருக்கு இதில் என்ன கிடைக்கும் என்றும் கொஞ்சம் யோசியுங்கள். அவருடைய பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும். உங்கள் பெயரையும் வாடிக்கையாளர் பெயரையும் எடுத்துவிட்டுக் கட்டுரை போட்டுக்கொள்ளட்டும், அதில் நமக்கு ஒன்றும் குறையாது. ஆனால் புதிதாக ஒரு கருவியோ முறையோ பிறந்தால் கட்டுரைக்கு முன் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட வேண்டும், வெளியே வந்துவிட்ட விஷயத்தைப் புதியது என்று சொல்வது கஷ்டம். தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்தால் முழு விவரம் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். உரிமை யாருக்கு, எப்போது வெளியிடலாம், யார் எவ்வளவு தருவது, இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என் கணக்கில் அந்த ஒரு பக்கம் ஐம்பது பக்க ஒப்பந்தத்தைவிட மேல்.

தனியாகச் செய்யச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அதே தெருவில் அதே பிரச்சினை உள்ள ஐந்து பேரைச் சேருங்கள். பம்பு, மோட்டார் சோதிக்கும் சிட்டார்க் இப்படித் தொழில் சங்கங்கள் கூடி உருவாக்கியதுதான். சென்னை தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா இன்னொரு வழியைப் பிடித்தது: அங்கே இடம் எடுக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது, ஆசிரியர்கள், மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்து அதற்கான புள்ளிகளையும் சேர்க்க வேண்டும். ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஏதர் என்ற நிறுவனம் ஓசூரில் தொழிற்சாலை போட்டு ஸ்கூட்டர் செய்கிறது. எல்லா ஊருக்கும் அவ்வளவு பெரிது தேவையில்லை, ஆனால் சேர்ந்து வேலை செய்வதை ஒரு நிபந்தனையாகவே வைத்த யுக்தியைச் சின்ன சங்கங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, புராஜெக்ட் முடியும்போது எண்பது பக்க பைண்டிங் ரிப்போர்ட் ஒன்று வரும். அதை அலமாரியில் வையுங்கள். கூடவே, மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கலாம், எப்போது அளக்க வேண்டும், கூடினால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதி வாங்கி மண் கலக்கும் இடத்துச் சுவரில் ஒட்டுங்கள். அதை மோல்டர் ஒருமுறை படித்து, சரி என்று சொன்ன பிறகுதான் பையனுக்குச் சான்றிதழ்.