மார்ட்டினுஸ் நெய்ஹோஃபை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

டச்சு நவீனக் கவிஞர் மார்ட்டினுஸ் நெய்ஹோஃபை (1894–1953) முதன்முதலாக எடுப்பவர்கள் புகழைக் கேட்டு நேராக 'ஆவாட்டர்' நெடுங்கவிதையில் இறங்கிவிடுகிறார்கள். பாதியில் மூச்சு முட்டிவிடும். 1916இல் வந்த முதல் தொகுப்பையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1934இல் வெளியான 'புதிய கவிதைகள்' தொகுப்பில் 'டெ மூடர் டெ ஃப்ரௌ' ('தாய், பெண்') என்றொரு சானெட் இருக்கிறது. பதினான்கே அடிகள். அதில் தொடங்குங்கள்.

விஷயம் எளிது. நெதர்லாந்தில் வால் (Waal) என்ற ஆற்றின் மேல் சால்ட்பொமல் ஊரருகே புதிதாகக் கட்டிய பாலத்தைப் பார்க்க ஒருவர் போகிறார். தேநீர் குடித்துவிட்டுப் புல்லில் படுத்திருக்கிறார். எங்கிருந்தோ ஒரு குரல். பாலத்தின் அடியில் மெல்ல வரும் கப்பலில் ஒரு பெண் தனியாகச் சுக்கான் பிடித்தபடி பைபிளின் சங்கீதப் பாடல்களைப் பாடுகிறாள்.

முதலில் மூலத்தை வாய்விட்டுப் படியுங்கள். மொழி தெரியாவிட்டாலும் ஒலிப்பதிவைக் கேட்டபடி எழுத்தைப் பின்தொடரலாம். அடி முடிந்ததும் நிற்காதீர்கள். 4ஆம் அடியின் கடைசியில் தொடங்கும் 'பத்து நிமிடம் போல' என்பது 5ஆம் அடிக்குள் ஓடித்தான் பொருள் தருகிறது. அங்கே நிறுத்தினால் அவர் புல்லில் கிடந்த அந்த நேரமே அறுந்துபோகும். 8ஆம் அடியில் குரல் மட்டும் கேட்கிறது. பாடுவது ஒரு பெண் என்பது 9ஆம் அடியில்தான் தெரியும். எட்டடிக்குப் பின் கவிதை திசைமாறும் சானெட்டின் திருப்பம் அந்த இடைவெளியில் இருக்கிறது. எனவே சுருக்கம் சொல்லும்போதுகூட பெண்ணை முன்னதாகக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

அதிகம் தவறுவது 13ஆம் அடியில். அங்கே போவது தன் தாய் என்று அவர் சொல்லவில்லை, தாயாக இருக்கக் கூடாதா என்று ஏங்குகிறார். ஏக்கத்தைத் தகவலாகப் படித்தால் கவிதை வெறும் தற்செயல் சந்திப்பாகச் சுருங்கிவிடும். கவிஞரின் தாய் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பில் சேர்ந்தவர் என்பது உண்மைதான். அந்தத் தகவலை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே கொண்டுவந்தால் ஆறும் பாலமும் மறைந்துபோகும்.

இது பிடிபட்டபின் 'ஆவாட்டர்'. தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவரை இழந்த ஒருவர் பயணத்துணை தேடி ஆவாட்டர் என்பவரை அலுவலகம், முடிதிருத்தகம், உணவகம், ரயில் நிலையம் என்று தொடர்கிறார். ஓரத்தில் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் வழி தவறாது. அடியிறுதிகளைக் கவனியுங்கள். பழைய பிரெஞ்சு வீரகாவியங்களைப் போல ஒவ்வொரு பகுதியிலும் ஓர் உயிரொலி திரும்பத் திரும்ப வரும். முதல் பகுதியில் அது நெடில் 'ஏ'. எதுகைக்குப் பழகிய நம் காது மெய்யெழுத்தைத் தேடி ஏமாறும். ஒவ்வோர் அடியிலும் கடைசியாக அழுத்தம் பெறும் உயிரை அடிக்கோடிட்டால் பத்து அடிக்குள் பிடிபடும்.

'எழுதியிருப்பது எழுதியிருப்பதல்ல' என்ற இக்கவிதையின் பிரபல வரியைத் தனியே பிய்த்தெடுத்து, எல்லாவற்றுக்கும் ரகசியப் பொருள் தேடக் கிளம்பாதீர்கள். அது அலுவலகக் காட்சியில் வருகிறது. அதை ஒட்டியே, தாய் ஒருநாளும் அணியப்போகாத ஒரு ரோமக் கோட்டு பற்றிய ஏக்கம் வருகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நெய்ஹோஃப் மறுபதிப்புகளில் கவிதைகளைத் திருத்தியவர். ஆகவே இரண்டு பிரதிகளில் சொற்கள் மாறியிருந்தால் அச்சுப்பிழை என்று முடிவுகட்டாமல் பதிப்பாண்டைப் பாருங்கள். நெதர்லாந்தில் 2024 ஜனவரி முதல் மூலத்துக்குப் பதிப்புரிமை இல்லை. பிறர் செய்த புதிய மொழிபெயர்ப்புகளை எடுத்துப் போட மட்டும் அனுமதி வேண்டும்.