வீட்டைக் காலி செய்யச் சொன்னால்: உதவப் போகும் சட்டக் கல்லூரி ஜூனியர்களுக்கு

சட்ட உதவி மையத்தில் வாடகைதாரர் வந்து உட்கார்ந்ததும் பிரிவு எண்களை அவிழ்த்துவிடாதீர்கள். முதல் கேள்வி இதுதான்: "என்ன பேப்பர் வந்துச்சு, எப்போ வந்துச்சு?" வீட்டுக்காரர் வாயால் சொன்னது வேறு, வக்கீல் நோட்டீஸ் வேறு, வாடகை நீதிமன்றத்தின் சம்மன் வேறு. சம்மனில் உள்ள தேதிக்குப் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். தபால் உறையையும் கேட்டு வாங்குங்கள், முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.

அடுத்தது ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டுக்காரர்-வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இதில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். "பேப்பரே இல்ல, எப்படிக் காலி பண்ணுவாரு?" என்று தெம்பாக வருபவர்கள் உண்டு. ஒப்பந்தம் போடாமல் இருப்பதே 21ஆம் பிரிவில் வெளியேற்றக் காரணம் என்பதை அவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழிக்க வேண்டாம்.

வாடகை பாக்கி விஷயத்தில்தான் நாம் உண்மையில் உதவ முடியும். இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் ரசீது ஒன்றுகூட இல்லை. ஆனால் மாதாமாதம் மகன் ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் "அம்மா வாடகை" என்று போட்டிருந்தான். வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்து, அந்த வரிகளுக்கு மஞ்சள் கோடு போட்டு, மாத வாரியாக ஒரே தாளில் எழுதினோம். வக்கீலுக்கு அந்தத் தாள் போதும், நம் சட்ட ஞானம் வேண்டாம்! பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்திருந்தால் ஒரு மாதத்துக்குள் கட்டச் சொல்லுங்கள், அதுவும் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக.

நாம் இன்னும் வக்கீல் இல்லை. கோர்ட்டில் பேசுவது, நம் பெயரில் நோட்டீஸ் அனுப்புவது எல்லாம் கூடாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுதித் தரலாம், கூடவே போகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100.

கரண்டையோ தண்ணீரையோ நிறுத்திவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். ஃபியூஸ் பிடுங்கிய மீட்டர் பெட்டியைப் படம் எடுத்து, அந்த 2017 சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். நிறுத்திய கரண்டையோ தண்ணீரையோ உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பூட்டுப் போட்டால் போலீஸ். "சிவில் மேட்டர்மா" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், எழுத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தரும் சீட்டு) வாங்காமல் கிளம்ப வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.